24 வயதில் பள்ளிப் பையன் முகம்: அந்த 290-ஐ நம்பி ஊசி போடலாமா?

கொங்கு மண்டலத்தின் ஒரு சிறுநகரத்திலிருந்து எழுதியிருக்கிறார் இந்த வாசகர். வயது 24. பி.இ. சிவில் முடித்து, இரண்டு வருடமாக ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். உயரம் 166 செ.மீ., எடை 47 கிலோ. மேலுதட்டில் பூனைமுடி போல மீசை. தாடையில் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு முடி. பத்து நாளைக்கு ஒருமுறை மழித்தால் போதும். சைட்டுக்குப் புதிதாக வரும் கம்பி வேலைக்காரர்கள் அவரிடமே வந்து, “தம்பி, இன்ஜினியர் சார் எங்கே?” என்று கேட்கிறார்கள். “14 நாள் ஆகாமல் தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்காதீங்க என்று சொன்னேன். மேஸ்திரி சிரித்துவிட்டு என் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அவரும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னபிறகுதான் நிறுத்தினார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

19 வயதுத் தம்பிக்கு முகம் நிறையத் தாடி. வீட்டுக்கு வருகிறவர்கள் தம்பியைத்தான் மூத்தவன் என்று நினைக்கிறார்கள். வருகிற தை மாதம் பெண் பார்க்கத் தொடங்கலாம் என்று அம்மா சொல்ல, உறவில் ஒருவர், “முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று காதைக் கடித்திருக்கிறார். அந்தப் பயத்தில், யாரிடமும் சொல்லாமல் ஒரு லேப்புக்குப் போய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கான பரிசோதனை செய்திருக்கிறார். வேலை முடிந்து மாலை ஐந்தரை மணிக்கு ரத்தம் கொடுத்தார். விடை 290. சீட்டில் அச்சிட்ட அளவு 300 முதல் 1000 வரை. பக்கத்தில் ‘குறைவு’ என்று குறி. ஜிம் பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, 250 மில்லிகிராம், 12 வாரம் போட்டால் தாடியும் வரும், உடம்பும் ஏறும் என்கிறார். தாடிக்காக மூன்று மாதமாகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார். முடி வளரத் தடவுவதற்கு என்று நண்பர் கொடுத்த மினாக்ஸிடில் புட்டி பிரிக்காமல் இருக்கிறது. ஊசி போடலாமா, தாடி வருமா, இன்னும் உயரம் ஏறுமா, எனக்குக் குழந்தை பிறக்குமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

பார்க்கிறவர்கள் எல்லாம் உங்களைத் தம்பி என்கிறார்கள். நான் அப்படி அழைக்கப்போவதில்லை. ஒரு கட்டடத்தின் முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்று சொல்லும் பொறுப்பில் இருக்கிறவர் நீங்கள். உங்கள் சொல் காதில் ஏறாவிட்டால் தளத்துக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு ஆபத்து. அதனால் இதை ‘அழகுப் பிரச்சினை’ என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். உங்களுக்கு எந்த நோய் இருக்குமோ என்று பயப்படுகிறீர்களோ, அந்த நோயை இல்லாத உடம்பில் உண்டாக்கக்கூடியது அது.

ஊசி உள்ளே என்ன செய்யும்

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.ஹெச். விரைகளைத் தட்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கிறது. எஃப்.எஸ்.ஹெச்., விரைக்குள் சுரந்த அந்த டெஸ்டோஸ்டிரோனோடு சேர்ந்து விந்தணுவை உருவாக்குகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருப்பது தெரிந்தால் மூளை இந்த இரண்டையும் குறைத்துவிடும். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதைப் போல.

வெளியிலிருந்து வாரம் 250 மி.கி. ஏற்றினால் மூளைக்குத் தெரிவது ‘தொட்டி வழிகிறது’ என்பது மட்டும்தான். எல்.ஹெச்.சும் எஃப்.எஸ்.ஹெச்.சும் அடிமட்டத்துக்குப் போகும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எகிறும், விரைக்குள்ளேயோ வற்றிப்போகும். விந்தணு உருவாக ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு விரைக்குள் இருந்தாக வேண்டும். அது கிடைக்காததால் உற்பத்தி நிற்கிறது, விரைகள் சுருங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோனை வாரம் 200 மி.கி. கொடுத்து, ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே பரிசோதித்திருக்கிறது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில், கலந்துகொண்ட ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது. ஜிம்மில் உங்களுக்குச் சொன்ன அளவு அதைவிட 50 மி.கி. கூடுதல். தை மாதம் பெண் பார்க்கப்போகிற ஒருவருக்கு இதைச் சிபாரிசு செய்கிறார்கள்.

நிறுத்தினால் திரும்பி வராதா? பெரும்பாலோருக்கு வரும். ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஊசியும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை. சோர்வு, ஆசைக்குறைவு, மனத்தளர்ச்சி என்று வந்து, ‘ஊசி இல்லாமல் முடியவில்லை’ என்று மறுபடி அதே ஊசிக்குப் போகிறவர்கள் உண்டு. முதுகெல்லாம் பரு, தலைமுடி கொட்டுதல், ரத்தம் கெட்டியாதல் ஆகியவையும் சேர்ந்து வரலாம். கூடுதல் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் மார்பு பெண்களுக்குப்போல வீங்கலாம். ஒரே குப்பியிலிருந்து பலருக்கு ஏற்றும் இடங்களில் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆபத்தும் இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது; அதை எடுத்து நீட்டுகிற பயிற்சியாளர் தன் வேலையின் எல்லையைத் தாண்டுகிறார்.

290 என்ற எண்ணை எப்படிப் படிப்பது

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய சொல் ‘மாலை ஐந்தரை மணி’. டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். இளம் ஆண்களிடம் மாலை அளவு, காலை அளவைவிட நான்கில் ஒரு பங்கு வரை குறைவாக இருப்பது சாதாரணம். சாப்பிட்டபிறகு எடுத்தாலும் இறங்கிக் காட்டும். அதனால்தான் காலை 10 மணிக்கு முன்னால், வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும் என்பது விதி.

அந்த வாரம் தளம் கான்கிரீட் போட்டதால் மூன்று நாள் நான்கு மணி நேரம்தான் தூங்கினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதியிருந்தாலும் இது முக்கியம். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தபோது, அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. எடை குறைவாக இருப்பதும் சுரப்பை இறக்கும். உடம்புக்கு எரிபொருள் போதாதபோது மூளை முதலில் சிக்கனம் பிடிப்பது இனப்பெருக்கத்தில்தான்.

சீட்டில் அச்சிட்ட எல்லையும் வேதவாக்கு இல்லை. 19 முதல் 39 வயது வரையுள்ள, பருமன் இல்லாத ஆண்களை வைத்துக் கணக்கிட்டு ஹார்மோன் நிபுணர்கள் பயன்படுத்தும் எல்லை, டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம். மாலையில், சாப்பிட்டபிறகு, தூக்கம் கெட்ட வாரத்தில், 47 கிலோ உடம்பிலிருந்து எடுத்த 290, இந்தக் கணக்கில் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதை வைத்து உங்களுக்குக் குறைபாடு என்று எந்த நிபுணரும் சொல்லமாட்டார். குறைபாடு இல்லவே இல்லை என்றும் அதை வைத்துச் சொல்லமுடியாது. பரிசோதனையைச் சரியான முறையில் மறுபடி செய்வதுதான் வழி.

தாடி சொல்வதும் சொல்லாததும்

தாடி குறைவென்றால் ஆண் ஹார்மோன் குறைவு என்று நினைத்துவிட்டீர்கள். இதை நம்பாத ஆள் நம் ஊரில் அபூர்வம். ஆனால் அது உண்மை இல்லை. டெஸ்டோஸ்டிரோன், தோலில் டை-ஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறி, முடியின் வேர்க்கால்களைத் தொடுகிறது. அந்த வேர்க்கால் எவ்வளவு உணர்ச்சியோடு பதில் சொல்கிறது என்பதில்தான் தாடியின் அடர்த்தி இருக்கிறது. ஒரே அளவு ஹார்மோன் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் காடு, இன்னொருவருக்குப் புல். இதே டை-ஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்தான் கன்னத்தில் முடியை வளர்க்கிறது, உச்சந்தலையில் முடியைக் கொட்டவும் வைக்கிறது. முடியை வைத்து ஹார்மோனை அளக்கமுடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தம்பிக்கு இருப்பது எனக்கு ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ‘தாய்மாமாவுக்கு முப்பது வயது வரை பையன் முகம்தான்’ என்று நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பதிலின் ஒரு பகுதி அதில் இருக்கலாம். ஆண் ஹார்மோனை ஏற்கும் வாங்கியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அம்மாவுக்கு இரண்டு எக்ஸ். உங்களுக்கு ஒன்றின் பங்கும் தம்பிக்கு மற்றதன் பங்கும் வந்திருக்கலாம். இது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, தாடியைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. ஆனால் தாய்மாமா முகம் மருமகனுக்கு வருவதில் வியப்பில்லை.

தாடி வரும் வரிசையும் ஒன்று இருக்கிறது. முதலில் மேலுதட்டின் ஓரங்கள், பிறகு மேலுதடு முழுதும், பிறகு கிருதா ஓரமும் கன்னத்தின் மேல்பகுதியும், கடைசியில் கீழுதட்டின் அடியும் தாடையும். உங்களுக்குத் தாடையில் ஏற்கெனவே சில முடிகள் வந்திருக்கின்றன. வரிசையின் கடைசிப் படியில் கால் வைத்துவிட்டீர்கள். இருபதுகளின் பிற்பகுதி வரைக்கும் தாடி அடர்வது சகஜம்.

முகம் பிஞ்சாகத் தெரிவதற்குத் தாடி மட்டும் காரணமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கழுத்து, ஒடுங்கிய தோள், புருவ எலும்பு எடுப்பாக இல்லாமை, இவை எல்லாம் சேர்ந்துதான் பார்க்கிறவர் மனத்தில் ஒரு வயதை எழுதுகின்றன. இவற்றில் கழுத்தும் தோளும் உங்கள் கையில் இருக்கின்றன. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எது இருந்தால் கவலைப்பட வேண்டும்

இந்தப் பதிலை உங்களைப் போன்ற இன்னும் பலர் படிப்பார்கள். அவர்களில் சிலருக்கு இது உண்மையிலேயே நோயாக இருக்கும். ‘நாளானால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்லக் கேட்டு, முப்பது வயதில் கல்யாணத்துக்கு அப்புறம் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காகவும் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆண்களுக்குப் பருவம் வந்ததின் முதல் அடையாளம் மீசையோ குரலோ அல்ல, விரைகள் பெரிதாவது. ஹார்மோன் மருத்துவர்களிடம் ஜெபமாலை போலக் கோத்த ஒரு மணிச்சரம் இருக்கும். 1 மில்லிலிட்டரில் தொடங்கி 25 மில்லிலிட்டர் வரை, வரிசையாகப் பெரிதாகும் 12 மணிகள். ஒரு கையில் சரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தொட்டுப் பார்த்து, எந்த மணிக்குச் சமம் என்று சொல்வார்கள். வலி இல்லை, அரை நிமிட வேலை. ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணைவிட நம்பகமான செய்தி பல நேரம் இந்த மணிகளில் கிடைக்கிறது. 4 மில்லி என்றால் பருவம் தொடங்கியிருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 15 முதல் 25 வரை. வீட்டில் தோராயமாகப் பார்ப்பதென்றால், வெந்நீரில் குளித்தபிறகு ஒரு ஸ்கேலை ஓரமாக வைத்து நீளத்தைப் பாருங்கள். 4 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 3 செ.மீ.க்குக் கீழே என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். 2.5 செ.மீ.கூட இல்லையென்றால் பருவ வளர்ச்சி சரியாகத் தொடங்கவே இல்லை, அல்லது விரையிலேயே கோளாறு என்று பொருள்.

இவற்றில் எதுவும் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்:

- 18 வயது தாண்டியும் குரல் உடையவில்லை, அந்தரங்க முடியும் அக்குள் முடியும் வரவில்லை. அல்லது காலையில் விறைப்பு வருவதே இல்லை.
- பிறந்ததிலிருந்தே வாசனை சரியாகத் தெரியவில்லை. காபித்தூள், பெருங்காயம், மல்லிகை மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். வாசனையும் தெரியாமல் பருவமும் வராமலிருந்தால் அது கால்மன் குறைபாடாக இருக்கலாம். கரு வளரும்போது, பருவத்தைத் தூண்டும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியிலிருந்துதான் மூளைக்குள் நகர்ந்து போகின்றன. அந்தப் பயணம் தடைபட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும்.
- நல்ல உயரம், நீண்ட கால்கள், ஆனால் சிறிய, கெட்டியான விரைகள், சற்றே வீங்கிய மார்பு. இது கிளைன்ஃபெல்ட்டர். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. குழந்தை இல்லை என்று பரிசோதிக்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.
- தீராத தலைவலி, பக்கவாட்டில் வருவது கண்ணுக்குத் தெரியாமை. பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம்.
- சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை சிகிச்சை, விரை முறுக்கு, பருவத்துக்குப் பின் வந்த புட்டாளம்மையோடு (பொன்னுக்கு வீங்கி) விரை வீக்கம், புற்றுநோய்க்கான மருந்து. இவற்றில் ஏதாவது நடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இவை நோய் என்றால் சிகிச்சையும் இருக்கிறது. உண்மையான டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டை வருடக்கணக்கில் விட்டுவைத்தால் எலும்பு அடர்த்தி சேராது. முப்பதுகளிலேயே எலும்பு முறியும். தாடியைவிட அதுதான் பெரிய இழப்பு. பிட்யூட்டரி அனுப்பாததுதான் காரணமென்றால், குழந்தை வேண்டும் நேரத்தில் ஹெச்.சி.ஜி. (எல்.ஹெச். போலவே வேலை செய்வது), எஃப்.எஸ்.ஹெச். ஊசிகளால் விரைகளையே வேலை செய்யவைத்து விந்தணுவைக் கொண்டுவர முடிகிறது. எந்த ஊசி, எப்போது என்பதை ஹார்மோன் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். தவறான வரிசையில் டெஸ்டோஸ்டிரோனைப் போட்டுக்கொண்டு வந்தால் நோயைக் கண்டுபிடிப்பதே சிக்கலாகிவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 15 வயதில் குரல் உடைந்தது, அந்தரங்க முடி இயல்பு, காலை விறைப்பு உண்டு, 17 வயதுக்குப் பிறகு உயரம் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பருவம் முழுதாக வந்துபோன உடம்பின் கதை இது. உயரம் நின்றதே அதற்குச் சாட்சி: பருவம் முடிவுக்கு வரும்போதுதான் எலும்பின் வளரும் தட்டுகள் மூடுகின்றன. அதே காரணத்தால் 24 வயதில் உயரம் ஏறாது. உயரத்துக்கென்று விற்கும் பொடி, மாத்திரை, தொங்கும் பயிற்சி எதுவும் மூடிய தட்டைத் திறக்காது, பணத்தை வீணாக்காதீர்கள்.

47 கிலோ

நீங்கள் கேட்காத கேள்வி இது. எனக்கோ கடிதத்தில் உறுத்திய எண் 290 அல்ல, 47. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு 17 வருகிறது. குறைந்தது 18.5 இருக்க வேண்டும். அதற்கு 51 கிலோ. 55 கிலோ வந்தால் கழுத்தும் தோளும் கன்ன எலும்பும் வேறு மாதிரி தெரியும். மருந்தில்லாமல், பக்கவிளைவில்லாமல் உங்கள் வயதைக் காட்டக்கூடியது இந்த எட்டுக் கிலோதான்.

காலையில் டீயும் பன்னும், மதியம் சைட்டில் பொட்டலச் சோறு, இரவு எட்டரைக்கு இட்லி. வெயிலில் பத்து மணி நேரம் நின்று, மாடி ஏறி இறங்குகிற ஆளுக்கு இது போதவே போதாது. இருக்கிற சாப்பாட்டை மாற்ற வேண்டாம், இடையில் சேருங்கள். 11 மணிக்கு 40 கிராம் வறுத்த நிலக்கடலை, அதாவது ஒரு கைப்பிடி, கூடவே ஒரு வாழைப்பழம். மாலையில் இரண்டு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல். படுக்குமுன் 200 மில்லி பால். இதிலேயே 500, 600 கலோரி கூடும், புரதம் 30 கிராம் அளவுக்கு ஏறும். மாதம் ஒரு கிலோ ஏறினால் போதும், அவசரம் வேண்டாம். ஞாயிறு காலை, சாப்பிடுமுன், ஒரே தராசில் பார்த்து எழுதிவையுங்கள். வாரத்தில் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்யுங்கள்: உட்கார்ந்து எழுவது, தண்டால், முதுகுக்கு இழுப்புப் பயிற்சி. அதே ஜிம்முக்குப் போகலாம், ஊசி மட்டும் வேண்டாம்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் முள் நகரவில்லை என்றால், தைராய்டு அதிகச் சுரப்பு, சர்க்கரை, காசநோய், குடல்புழு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, கை நடுக்கமோ இருந்தால் அந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ‘உடம்பு தேற’ என்று சில மருந்துக்கடைகளில் பொட்டலமாகத் தரும் மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருப்பதுண்டு. ஒரு மாதத்தில் கன்னம் உப்பும், எல்லோரும் ‘தேறிட்டானே’ என்பார்கள். அது சதை அல்ல, நீரும் கொழுப்பும். முகம் வட்டமாகி இன்னும் பிள்ளைமுகமாகத்தான் தெரியும். அதற்குள், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி படுத்திருக்கும். ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிக் குறையுங்கள். லாட்ஜில் அறை எடுத்து ஊர் ஊராக வரும் ‘பரம்பரை’ வைத்தியர்களின் லேகியமும் இதே ரகம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குச் சீட்டு கிடையாது.

மினாக்ஸிடில், பயோட்டின்

மினாக்ஸிடில் தலைமுடிக்கான மருந்து; தாடிக்கு என்று அங்கீகாரம் பெற்றதல்ல. 16 வாரம் தடவிய ஒரு சிறிய ஆய்வில் தாடிக்கும் ஓரளவு பலன் தெரிந்தது, அவ்வளவே. முகம் காய்ந்து உரியலாம், சிலருக்குப் படபடப்பு வரும். தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டு முயல்வதில் தவறில்லை என்றே பொதுவாகச் சொல்வேன். உங்களுக்கு மட்டும் இப்போது வேண்டாம் என்கிறேன். வீட்டில் அக்காவின் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது, உங்கள் கன்னத்தில்தான் முகத்தை வைத்துத் தூங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர் தடவிய மினாக்ஸிடில் ஒட்டி, கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. புட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகத்தில் ஊசி உருளை (டெர்மா ரோலர்) ஓட்டுவதையும் தவிருங்கள். கிருமி தொற்றித் தழும்பு விழும்.

பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் தாடி தராது. கெடுதல் வேறு இடத்தில்: சில ஆய்வகக் கருவிகளில் அது ஹார்மோன் முடிவுகளைத் திரித்துவிடும். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.ஹெச்.சும் எல்.ஹெச்.சும் பொய்யாகக் குறைந்தும் டெஸ்டோஸ்டிரோன் பொய்யாக உயர்ந்தும் காட்டலாம். நிறுத்திவிடுங்கள்.

இதே கவலை பெண்களுக்கும் உண்டு. இருபது வயதில் பள்ளி மாணவி போலத் தெரிகிற பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. 15 வயது தாண்டியும் பூப்பெய்தவில்லை, அல்லது வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக நின்றிருக்கிறது என்றால், முகத்தை விட்டுவிட்டு அதை உடனே காட்டுங்கள்.

சைட்டும் சம்பந்தமும்

பெரிதாகத் தெரியவேண்டும் என்று இரண்டு அளவு பெரிய சட்டை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது எதிர்மாறாக வேலை செய்கிறது. அண்ணன் சட்டையைப் போட்ட பிள்ளையாகக் காட்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கவேண்டும். காலர் பட்டனைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் வேண்டாம். புதிய ஆட்கள் இறங்கும் முதல் நாள், அவர்கள் ‘இன்ஜினியர் எங்கே’ என்று கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே பெயரையும் பொறுப்பையும் சொல்லிவிடுங்கள். முட்டுப் பிரிக்கும் தேதி போன்றவற்றை வாயால் சொல்வதோடு விடாமல், கான்கிரீட் போட்ட அன்றே தேதியிட்டு எழுதி, மேலதிகாரியின் கையெழுத்தோடு சைட் நோட்டில் வையுங்கள், தூணிலும் எழுதிவிடுங்கள். மேஸ்திரி உங்கள் மீசையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலையே வராது. உங்கள் மேலதிகாரியிடமும் ஒன்றைக் கேட்கலாம்: அடுத்தமுறை மேஸ்திரி போன் போட்டால், தன் பதிலைச் சொல்லாமல், ‘அங்கே இருக்கிற இன்ஜினியரைக் கேளுங்கள்’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

கல்யாண விஷயத்தில், குழந்தை பிறக்குமா என்பதை முகத்தை வைத்துச் சொல்லமுடியாது. அடர்ந்த தாடிக்காரருக்கு விந்தணு இல்லாமலும் இருக்கலாம், முடியே இல்லாதவருக்கு எண்ணிக்கை இயல்பாகவும் இருக்கலாம். மருத்துவர் உடம்பைப் பார்த்து இயல்பு என்றால் விந்தணுப் பரிசோதனைகூட இப்போது தேவையில்லை. மனம் ஆறவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள்: இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஒருவேளை ஏதாவது கோளாறு தெரிந்தால், அதை மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள். பெண்ணிடம் நேரில் சொல்லிவிடுங்கள். காதைக் கடித்த அந்த உறவினருக்கு நீங்கள் எந்தச் சீட்டையும் காட்டவேண்டியதில்லை.

அடுத்த மூன்று வாரம்

இன்றிலிருந்து பயோட்டினை நிறுத்துங்கள். ரத்தம் கொடுக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பாவது நிறுத்தியிருக்க வேண்டும். இரவு கான்கிரீட் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, தொடர்ந்து ஐந்தாறு இரவு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், மொத்த டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின், டி.எஸ்.ஹெச். கொடுங்கள். முடிவு குறைவாக வந்தால், இன்னொரு நாள் காலையில் அதே லேப்பில் மறுபடி. இரண்டு முறையும் 264-க்குக் கீழே என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்போது எல்.ஹெச். உயர்ந்திருந்தால் விரையில் கோளாறு, எல்.ஹெச்.சும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் பிட்யூட்டரிப் பக்கம் பார்க்க வேண்டும், அல்லது எடைக் குறைவே காரணமாக இருக்கலாம்.

முடிவு எப்படி வந்தாலும் ஒருமுறை எண்டோகிரைனாலஜி (ஹார்மோன்) மருத்துவரிடம் உடம்பைக் காட்டுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. உங்கள் பக்கத்து மாவட்டத் தலைநகரங்களிலும் தனியார் நிபுணர்கள் இருப்பார்கள். ‘ஆண்மைக் குறைவு’ என்று சுவரில் எழுதிய இடத்துக்குப் போகாதீர்கள். போகும்போது பள்ளிக்கால உயரக் குறிப்போ, பத்தாம் வகுப்பு, கல்லூரிப் புகைப்படங்களோ இருந்தால் எடுத்துப் போங்கள். எந்த வயதில் முகமும் தோளும் மாறின என்பது அதில் தெரியும். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 290 சீட்டையும் கிழித்துப்போட வேண்டாம். அதன் தலைப்பில், ரத்தம் எடுத்த நேரம் மாலை 5.30 என்று பேனாவால் எழுதி, மற்றவற்றோடு சேர்த்து மேசையில் வையுங்கள்.